கம்பியில்லா வேலிவெட்டும் இயந்திரம்: உறுப்புகளும் பாதுகாப்பான கையாளலும்

நந்தியாவட்டை (கோயம்புத்தூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 60 அடி நீளத்துக்குத் துராந்தாவும் இட்லிப்பூச் செடியும் வேலியாக நிற்கின்றன. என் தந்தை கடந்த 20 ஆண்டுகளாக நீண்ட கைப்பிடி கொண்ட வேலிக் கத்தரியால்தான் அதைச் சீராக்கி வருகிறார். அவருக்கு இப்போது 68 வயதாகிறது. தோள்வலி காரணமாகக் கத்தரியைப் பிடிக்க முடிவதில்லை. விடுமுறைக்கு வந்த என் அண்ணன், அமெரிக்காவிலிருந்து பேட்டரியில் இயங்கும் ஹெட்ஜ் டிரிம்மர் ஒன்றை வாங்கி வந்து கொடுத்துவிட்டுத் திரும்பிச் சென்றுவிட்டார்.

கையேடு முழுவதும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டும் வராது. நான் படித்துச் சொல்லலாம் என்றால், உறுப்புகளின் வேலை எனக்கே சரியாகப் புரியாமல் அவருக்கு எப்படி விளக்குவது? பெட்டியைத் திறந்தபோது பேட்டரியில் சிறிது மின்சாரம் இருந்ததால் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். பின்கைப்பிடியில் உள்ள சுவிட்சை மட்டும் அழுத்தினால் இயந்திரம் ஓடவில்லை. முன்கைப்பிடியில் உள்ள பட்டையையும் சேர்த்து அழுத்தினால்தான் ஓடுகிறது. இது பழுதா, அமைப்பே அப்படித்தானா? பேட்டரியின் மேல் 20 வோல்ட் என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் 18 வோல்ட் என்றும் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? நாளை காலையில் சார்ஜ் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் யாராவது வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழுதுநீக்குநர் (மதுரை) எழுதியது:

நண்பரே, மற்றவற்றைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தச் சார்ஜரை நம் வீட்டுச் சுவர்ச் செருகியில் மாட்டாதீர்கள். சார்ஜரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய தகட்டில் உள்ளீடு என்ற இடத்தில் என்ன எண் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் கவலையில்லை. செருகியின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் ஒன்றே போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அதை 230 வோல்ட்டில் செருகிய மறுகணமே சார்ஜர் போய்விடும். 120 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 170 வோல்ட்டைத் தொடும். அதற்கு ஏற்ற மின்தேக்கியைத்தான் அந்தச் சார்ஜருக்குள் வைத்திருப்பார்கள். நம் ஊர் மின்சாரம் அதே வழியில் ஏறத்தாழ 325 வோல்ட்டாகிவிடும் என்பதால் மின்தேக்கி வெடிக்கும். சில நேரங்களில் தீயும் பிடிக்கும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அன்போடு வாங்கி வந்த கருவிகள் இப்படிக் கருகிப் போய் என் மேசைக்கு வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதனால்தான் இதை முதலில் எழுதினேன்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். 20 வோல்ட், 18 வோல்ட் இரண்டும் உண்மைதான். பேட்டரிக்குள் ஐந்து லித்தியம் அயனி மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் வழக்கமான அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்தும் சேர்ந்தால் 18 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டுவதால் மொத்தம் 20 வோல்ட் என்று ஆகிறது. வட அமெரிக்காவில் உச்ச எண்ணை முன்னிறுத்தி விற்கிறார்கள். வலிமையில் வேறுபாடு கிடையாது. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். 18 வோல்ட் பேட்டரியில் 2 ஆம்பியர் மணி (Ah) என்று அச்சாகியிருந்தால், அதில் அடங்கும் ஆற்றல் 36 வாட் மணி (Wh). 4 ஆம்பியர் மணி என்றால் 72 வாட் மணி. விமானத்தில் பேட்டரி கொண்டுவருவதற்கான வரம்பும் இந்த வாட் மணிக் கணக்கில்தான் இருக்கிறது. 100 வாட் மணிக்குள் இருக்கும் உதிரிப் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வெட்டும் பிளேடு உள்ள இயந்திரமோ சரக்கில்தான் போக வேண்டும்.

இரண்டு கைகளாலும் அழுத்தினால்தான் ஓடுகிறது என்பது பழுதன்று. உங்கள் தந்தையின் விரல்களைக் காக்க அந்த இயந்திரத்தில் உள்ள ஏற்பாடுகளில் மிக முக்கியமானது அதுதான். பின்கைப்பிடியில் விரலால் அழுத்தும் டிரிகர் இருக்கிறது. முன்கைப்பிடியில், எந்தப் பக்கமாகப் பிடித்தாலும் கைக்குள் அகப்படுமாறு வளைந்த பட்டை ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் அழுந்தியிருந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். அதாவது, இரண்டு கைகளும் கைப்பிடிகளில் இருக்கும்வரை பிளேடுக்குப் பக்கத்தில் கை போகவே முடியாது. ஒரு கையை எடுத்தால் ஓட்டம் நிற்கும். சில மாதிரிகளில் டிரிகருக்கு மேலே பூட்டுப் பொத்தான் ஒன்றும் இருக்கும். அதைத் தள்ளாமல் டிரிகர் அசையாது. சிறு குழந்தை தற்செயலாக அழுத்தினாலும் ஓடக் கூடாது என்பதற்காக அது இருக்கிறது.

முன்கைப்பிடிக்கும் பிளேடுக்கும் நடுவே தட்டையான பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். தெறித்து வரும் குச்சியைத் தடுக்கவும், கை வழுக்கினால் பிளேடின் மேல் விழாமல் நிறுத்தவும் அது வேண்டும். இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றி வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யவே கூடாது.

உடற்பகுதிக்குள் மோட்டாரும் கியர்ப் பெட்டியும் இருக்கின்றன. மோட்டார் வட்டமாகச் சுற்றுகிறது. பிளேடோ முன்னும் பின்னுமாக அசைய வேண்டும். பழைய தையல் இயந்திரத்தில் சக்கரத்தின் சுழற்சி ஊசியை மேலும் கீழும் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் மையம் விலகிய சக்கரமொன்றும் அதோடு இணைந்த தண்டுகளும் அந்த மாற்றத்தைச் செய்கின்றன. பெரும்பாலான இயந்திரங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளேடுகள் எதிரெதிர்த் திசையில் அசையும். ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே வருவதால் அதிர்வு பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். ஒரு பிளேடு மட்டும் அசையும் மலிவான மாதிரிகளில் கை விரைவில் மரத்துப்போகும். தோள்வலி உள்ளவருக்கு இந்த வேறுபாடு பெரியது. உங்களுடையது எந்த வகை என்று பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

இப்போது பற்களைப் பாருங்கள். இருபுறமும் கூரான பற்களுக்கு வெளியே முனை மழுங்கிய பற்கள் சற்று நீண்டிருக்கும். உடம்பின் பரந்த பகுதி எதுவும் கூரான பல்லில் நேராக மோதாமல் அவை தடுக்கும்; தொடையில் தவறிப் பட்டாலும் காயத்தின் ஆழம் குறையலாம். ஆனால் விரல் அந்த இடைவெளிக்குள் எளிதாக நுழையும். ஆகவே மழுங்கிய பற்கள் இருக்கின்றன என்று விரலைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிட முடியாது. நுனியில் இருக்கும் தகட்டுத் தடுப்பு, பிளேடு சுவரிலோ தரையிலோ இடித்துப் பின்னோக்கி எறியாமல் காக்கும்.

கடைசியாக ஒன்று. கம்பியுள்ள இயந்திரத்தில் சிக்கல் என்றால் செருகியைப் பிடுங்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கம்பியில்லா இயந்திரத்தில் பேட்டரிதான் செருகி. பேட்டரி மாட்டியிருக்கும்வரை அது மின்சாரத்தில் இணைந்திருக்கிறது. சத்தமில்லாமல் கிடந்தாலும் இணைந்தே இருக்கிறது. துடைக்கும்போது, எண்ணெய் விடும்போது, சிக்கிய குச்சியை எடுக்கும்போது, உறை மாட்டும்போது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்லும்போது, இன்னொருவர் கையில் கொடுக்கும்போது பேட்டரி வெளியே வந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு நீங்கள் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுக்க முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள்.

செங்காந்தள் (ஓசூர்) எழுதியது:

பழுதுநீக்குநர் ஐயாவின் விளக்கம் மிகவும் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஓர் ஐயம். எங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர் முன்கைப்பிடிப் பட்டையை டியூப் ரப்பரால் கட்டி வைத்திருக்கிறார். வேலியின் அகலம் நான்கு அடி என்பதால், ஒரு கையால் நீட்டினால்தான் நடுப்பகுதி எட்டுகிறது என்கிறார். இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறார், ஒன்றும் ஆகவில்லை. அனுபவம் உள்ளவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவைதானா? குறை காண்பதற்காகக் கேட்கவில்லை. அவரிடம் கழற்றச் சொன்னால், வேலையை எப்படி முடிப்பது என்று அவர் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்க வேண்டும்.

கரிசல்காடு (விருதுநகர்) எழுதியது:

செங்காந்தள் அம்மா, இதற்கு நான் பதில் எழுதுவதுதான் பொருத்தமாக இருக்கும். என் இடக்கை நடுவிரலில் மேல் கணு இல்லை.

நானும் அந்தப் பட்டையைக் கட்டித்தான் வைத்திருந்தேன். காரணமும் உங்கள் பணியாளர் சொல்வதேதான். ஒரு நாள் கொடுக்காப்புளி வேலியை வெட்டும்போது பெருவிரல் பருமனுள்ள காய்ந்த கிளை ஒன்று பற்களுக்கு நடுவே சிக்கியது. இயந்திரம் முனகிவிட்டு நின்றது. நின்றுவிட்டதே என்று அதைத் தொடையின் மேல் சாய்த்து, வலக்கையால் பின்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் கிளையைப் பிடுங்கினேன். பிடுங்கும் வேகத்தில் வலக்கை இறுகி டிரிகரை அழுத்திவிட்டது. கிளை விடுபட்டதும் பிளேடு ஓடியது. பட்டையைக் கட்டாமல் இருந்திருந்தால் இடக்கை வெளியே இருந்த அந்த நேரத்தில் மோட்டார் ஓடியிருக்கவே முடியாது. பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் ஓடியிருக்காது. இரண்டு தடுப்புகளையும் நானே நீக்கியிருந்தேன்.

அனுபவம் உள்ளவர்களுக்கும் தேவையா என்று கேட்டீர்கள். அன்று எனக்கு ஐந்தாண்டு அனுபவம் இருந்தது. அவருக்கு இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்றால், இரண்டு ஆண்டுகளில் குச்சி சிக்கிய ஒவ்வொரு முறையும் அவருடைய வலக்கை சரியாக நடந்துகொண்டது என்றுதான் பொருள்.

நான்கடி அகல வேலிக்கு வழி இருக்கிறது. இரு பக்கத்திலிருந்தும் பாதி பாதியாக வெட்டலாம். மறுபக்கம் போக முடியாத இடத்தில், நீண்ட கோலின் நுனியில் பிளேடு பொருத்திய வகை கிடைக்கிறது. அதை வாடகைக்கு எடுத்தாலே போதும். இன்றைக்கே அந்த ரப்பரை அறுத்துவிடச் சொல்லுங்கள்.

யாருக்கும் நேரக் கூடாது. ஆனால் நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்த வேண்டும். துண்டான பகுதி இருந்தால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட நீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டியின் மேல் நேராக வைத்தால் தசை உறைந்து கெட்டுவிடும். என் வீட்டில் நேராகத்தான் வைத்தார்கள். தெரிந்து செய்த தவறு அன்று. யாரும் முன்பு எங்களுக்குச் சொன்னதில்லை. தமிழ்நாட்டில் 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். கையறுவை செய்யும் வசதி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

செங்காந்தள் (ஓசூர்) எழுதியது:

இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன், ஐயா. உங்கள் பதிவை அவருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே போய் ரப்பரை அறுத்துவிட்டார். நீண்ட கோல் உள்ள வகையை வாடகைக்குத் தருபவர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மருதாணி (தஞ்சாவூர்) எழுதியது:

நான் கல்லூரி வளாகமொன்றில் தோட்டப் பராமரிப்பைக் கவனித்து ஓய்வு பெற்றவள். இயந்திரத்தைப் பற்றிப் பழுதுநீக்குநர் ஐயா சொல்லிவிட்டார். நான் வேலியைப் பற்றிச் சொல்கிறேன். வெட்டும் முறை தவறினால் கை போகக் கூடாத இடத்துக்குப் போகும்.

சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் வேலியின் இரு பக்கமும் ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். ஒரு கோலால் கிளைகளை விலக்கிப் பாருங்கள். பழைய முள்கம்பி, துணி உலர்த்தக் கட்டிய கொடிக்கம்பி, விழாவுக்குச் சுற்றி மறந்துவிட்ட விளக்குச் சரம் ஆகியவை செடிக்குள் புதைந்து கிடக்கும். பேட்டரி இயந்திரம் என்பதால் மின்சார ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு மின்சாரம் ஓடும் கம்பியைப் பிளேடு வெட்டினால் அந்த மின்சாரம் பிளேடின் வழியாக இயந்திரத்தின் உலோகப் பகுதிகளுக்கு வரும். ஆகவே வேலிக்குள் ஓடும் விளக்குகளின் இணைப்பை முதலிலேயே துண்டிக்க வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடிகளைத் தவிர வேறு எங்கும் பிடிக்கக் கூடாது.

உயிர்களையும் பார்க்க வேண்டும். தையல்சிட்டு நம் வேலிச் செடிகளில்தான் அகன்ற இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். அது கண்ணுக்கு எளிதில் தெரியாது. கூடு இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். வேலி ஒரு மாதம் கோணலாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. குளவிக் கூடு இருந்தால் இயந்திரத்தின் அதிர்விலேயே அவை கிளம்பும். இரண்டு கையிலும் இயந்திரம் இருக்கும்போது குளவி கொட்டினால் மனிதர் இயந்திரத்தை எந்தப் பக்கம் திருப்புவார் என்று சொல்ல முடியாது.

உடையைப் பற்றி எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். வேட்டி, லுங்கி, தொங்கும் துப்பட்டா, இடுப்பில் செருகாத முந்தானை இவற்றோடு இந்த இயந்திரத்தைத் தொடக் கூடாது. உடலோடு ஒட்டிய முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கையுறை, கண்ணாடி நான்கும் வேண்டும். கையுறை பிளேடைத் தடுக்காது; முள்ளையும் கொப்புளத்தையும்தான் தடுக்கும்.

கண்ணாடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர்களில் திருகுகள்ளியை வேலியாக வைப்பார்கள். கைக்கத்தியால் வெட்டினால் பால் சொட்டும். இயந்திரத்தால் வெட்டினால் அந்தப் பால் நுண்துளிகளாகத் தெறிக்கும். ஒரு துளி கண்ணில் பட்டாலும் கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். திருகுகள்ளியை இந்த இயந்திரத்தால் வெட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அரளி வேலியும் பரவலாக இருக்கிறது. அதன் இலை, தண்டு, பால் யாவும் நஞ்சு. வெட்டிய தழையை ஆடுமாடு மேயும் இடத்தில் போடக் கூடாது. கொளுத்தவும் கூடாது, புகையும் கெடுதிதான்.

இனி வெட்டுதல். பக்கச் சுவரைக் கீழிருந்து மேலாக, பிளேடை அகலமாக வில்போல வீசி வெட்டுங்கள். வெட்டிய தழை, இனி வெட்ட வேண்டிய இடத்தை மறைக்காமல் கீழே விழும். அடி அகலமாகவும் மேல்பகுதி சற்றுக் குறுகியும் இருக்குமாறு வெட்டினால் அடிக்கிளைகளுக்கும் வெயில் கிடைக்கும். வேலி கீழே ஓட்டையாகாது. மேல்பரப்புக்கு இரண்டு குச்சிகளை நட்டு நூல் கட்டிக்கொள்ளுங்கள். நூல் பிளேடில் சிக்காதபடி, வெட்ட வேண்டிய உயரத்துக்கு ஓர் அங்குலம் கீழே, வேலிக்கு வெளிப்புறமாக இருக்கட்டும். பிளேடைச் செல்லும் திசையில் சற்றே சாய்த்து நகர்த்தினால் இழுக்காமல் வெட்டும். அமுக்கித் தள்ள வேண்டியதில்லை. அமுக்க வேண்டியிருக்கிறது என்றால் பிளேடு மழுங்கிவிட்டது அல்லது கிளை பருத்துவிட்டது.

தோளுக்கு மேல் தூக்கி வெட்டக் கூடாது. ஏணியில் ஏறி வெட்டவும் கூடாது. ஏணியில் நிற்பவருக்கு ஒரு கை ஏணிக்கு வேண்டும். இந்த இயந்திரத்துக்கு இரண்டு கைகளும் வேண்டும். மனிதருக்கு மூன்றாவது கை இல்லை.

கதியால் (யாழ்ப்பாணம்) எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கத்தில் வேலி என்றால் கிளுவையும் பூவரசும்தான். கதியால்களை, அதாவது வேர்விட்டுத் தழைக்கும் கிளைத்தடிகளை, நெருக்கமாக நட்டு, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டியிருப்போம். ஆண்டுக்கு ஒரு தடவை தழைத்த கிளைகளைக் கத்தியால் வெட்டி விடுவது வழக்கம். கூலிக்கு ஆட்கள் கிடைப்பது இப்போது சிரமமாக உள்ளது. இந்தப் பற்றரி இயந்திரத்தை வாங்கினால் அந்த வேலையைச் செய்ய இயலுமா என்று அறிய விரும்புகிறேன்.

பழுதுநீக்குநர் (மதுரை) எழுதியது:

கதியால் ஐயா, ஆண்டுக்கு ஒரு முறை வெட்டும் கிளுவைக்கு இது ஏற்ற கருவி அன்று. இயந்திரம் எந்தப் பருமன்வரை வெட்டும் என்பதைப் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது. வீட்டு உபயோக மாதிரிகளில் அது பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீட்டர். அந்த இடைவெளிக்குள் நுழையாத கிளையை வெட்ட முடியாது. அரைகுறையாக நுழைந்த கிளை சிக்கிக்கொள்ளும். ஓராண்டு வளர்ந்த கிளைகளில் பல அந்த அளவைத் தாண்டியிருக்கும். கம்பி வேறு இருக்கிறது. கம்பியைக் கடித்தால் பல் ஒடியும், ஒடிந்த துண்டு தெறிக்கும். பருத்த கிளைகளை நீண்ட பிடியுள்ள கவாத்துக் கத்தரியாலோ கைவாளாலோ ஒரு முறை எடுத்துவிட்டு, அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இளந்தளிரை மட்டும் இயந்திரத்தால் சீர்செய்ய முடியும் என்றால் வாங்குங்கள். அதுவும் கம்பியிலிருந்து ஒரு சாண் விலகிய வெளித்தழையை மட்டும்தான்.

கதியால் (யாழ்ப்பாணம்) எழுதியது:

மிக்க நன்றி. இப்போதைக்கு நல்ல கைவாள் ஒன்று வாங்குவதே சரி எனத் தீர்மானித்துவிட்டேன்.

நந்தியாவட்டை (கோயம்புத்தூர்) எழுதியது:

முதலில் பழுதுநீக்குநர் அண்ணாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன்; 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருக்கிறது. இங்கே எழுதாமல் விட்டிருந்தால் மறுநாள் காலையில் மாட்டியிருப்பேன். இனி என்ன செய்வது? 230-ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கலாமா? பேட்டரியை எப்படிப் பராமரிப்பது, எங்கே வைப்பது என்றும் சொல்லுங்கள். எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தகர அறை கோடையில் அடுப்புபோல் காயும்.

பழுதுநீக்குநர் (மதுரை) எழுதியது:

நல்லவேளை. அதே நிறுவனத்தின் 230 வோல்ட் சார்ஜர், உங்கள் பேட்டரி மாதிரியின் எண்ணைக் குறிப்பிட்டு விற்கப்படுகிறது என்றால் அதை வாங்குவதுதான் சிறந்த வழி. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் வேறு சார்ஜரில் வலிந்து செருக வேண்டாம். அது கிடைக்காவிட்டால், சார்ஜர் தகட்டில் உள்ள வாட் அளவைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தாங்கக்கூடிய டிரான்ஸ்பார்மர் வாங்கலாம். மோட்டாரை நேராக வீட்டு மின்சாரத்தில் இணைத்து ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடமிருந்து இயந்திரத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்குப் பெரிய பகை வெப்பம். பெரும்பாலான கையேடுகள் ஏறத்தாழ 5 முதல் 40 பாகை செல்சியசுக்குள் சார்ஜ் செய்யச் சொல்கின்றன. சித்திரை வைகாசியில் நம் வெளித்திண்ணையே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே வீட்டுக்குள், நிழலான அறையில், தரையில் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். மெத்தைமேலோ திரைச்சீலை அருகிலோ வேண்டாம். வேலை முடிந்து கையில் சுடும் பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தகர அறையில் இயந்திரம் இருக்கலாம். பேட்டரி இருக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் கூடாது. சாவி, ஆணி, சில்லறை உள்ள டப்பாவில் போட்டால் இரு முனைகளும் இணைந்து தீப்பற்றும். கீழே விழுந்து வெடிப்பு விட்டது, உப்பிவிட்டது, சார்ஜ் செய்யும்போது வழக்கத்துக்கு மாறாகச் சுடுகிறது என்றால் அதோடு அதன் பயன்பாடு முடிந்தது. குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. கடையில் கேட்டு ஒப்படையுங்கள்.

பிளேடுப் பராமரிப்பு எளிது. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, பிளேடில் ஒட்டிய பிசினைத் துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை நீளவாக்கில் விடுங்கள். பிறகு பேட்டரியை மாட்டிச் சில விநாடி ஓட்டினால் எண்ணெய் பரவும். மறுபடி கழற்றி உறை மாட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகிப் புழுதியைப் பிடிக்கும். தண்ணீர்க் குழாயால் கழுவவும் கூடாது. தீட்டுவது என்றால் தட்டை அரத்தால், பல்லின் சாய்வான விளிம்பை மட்டும், ஏற்கெனவே உள்ள கோணத்திலேயே ஒரே திசையில் இழுக்க வேண்டும். இரண்டு பிளேடுகளும் ஒன்றோடொன்று உரசும் தட்டைப் பக்கத்தில் அரம் படக் கூடாது. பட்டால் நடுவே இடைவெளி விழுந்து இலையை வெட்டாமல் மடக்கும்.

மருதாணி (தஞ்சாவூர்) எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அதிர்வு அளவு என்று ஓர் எண் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, கைக்கு வரும் அதிர்வின் முடுக்கம் எட்டு மணி நேர வேலை நாளுக்குச் சராசரியாக நொடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரை (m/s²) தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது என்றும் சொல்கிறது. வீட்டில் அரைமணி வெட்டுபவருக்கு இது பெரிதன்று. நாள் முழுதும் இயந்திரம் பிடிக்கும் தோட்டப் பணியாளர்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் ஆளை மாற்றி மாற்றி வெட்டச் செய்ய வேண்டும். உங்கள் தந்தையும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கட்டும்.

நந்தியாவட்டை (கோயம்புத்தூர்) எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 230 வோல்ட் சார்ஜர் கிடைத்துவிட்டது. அது வருவதற்கு முன்பே, பேட்டரி இல்லாத இயந்திரத்தைக் கையில் கொடுத்து அப்பாவை வேலி ஓரமாக நடக்கச் சொன்னேன். எங்கே நிற்பது, எப்படித் திரும்புவது, எந்த உயரத்துக்கு மேல் தோள் வலிக்கிறது என்பதெல்லாம் பிளேடு ஓடாமலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வேலியைக் கோலால் விலக்கியபோது கார்த்திகைக்குக் கட்டிய விளக்குச் சரம் ஒன்று உள்ளே கிடந்தது.

நேற்று முதல் முறையாக வெட்டினார். ஒரு குச்சி சிக்கியது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பேட்டரியைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் குச்சியைத் தொட்டார். ஆனால் கடைசிப் பத்தடியில் பிளேடின் அடிப்பகுதி தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. வெட்டும் வேகமும் குறைந்தது. எண்ணெய் விட்டிருந்தோம். என்ன காரணமாக இருக்கும்?

பழுதுநீக்குநர் (மதுரை) எழுதியது:

பிளேடின் நீளத்துக்கு வரிசையாகச் சில போல்ட்டுகள் இருக்கும். இரண்டு பிளேடுகளையும் நெருக்கிப் பிடிப்பவை அவைதான். புதிய இயந்திரத்தில் சில நேரம் மிகவும் இறுக்கமாக இருக்கும். சூடு முழுதும் தணிந்த பிறகு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு நட்டையும் மெல்ல இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மிகவும் தளர்ந்தாலும் இலை நடுவே மடங்கும். சரிசெய்து எண்ணெய் விட்டபின் ஐந்து நிமிடம் வெட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. அப்போதும் சுட்டால் கியர்ப் பெட்டியில் கிரீஸ் போதாமல் இருக்கலாம். அதைத் திறக்காமல் எனக்கு ஒரு படம் எடுத்து இந்த இழையிலேயே போடுங்கள்.